மணி கட்டிய பன்றியும் அந்தி நேரத்து மணியும்

போன இதழில் ஸ்பெயினில் உள்ள லா அல்பெர்க்கா என்ற மலைக்கிராமத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதி, கழுத்தில் மணியோடு தெருவில் நடந்துபோகும் ஒரு பன்றியின் படத்தையும் போட்டிருந்தோம். அரைப் பக்கத்துக்கு இவ்வளவு கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வந்தது சந்தோஷம், ஏனென்றால் அந்த ஊரைப் பற்றிச் சொல்லாமல் விட்டதுதான் அதிகம். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டு மற்றவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கே: முதலில் ஊர் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். வரைபடத்தில் தேடித் தேடிக் கண் வலிக்கிறது.

ப: சலமங்கா நகரத்திலிருந்து தெற்கே சுமார் 80 கிலோமீட்டர். சியர்ரா தெ ஃபிரான்சியா என்ற மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேலே. ஜனத்தொகை ஆயிரத்துச் சொச்சம்தான். அல்பெர்க்கா என்பது அரபு மொழியிலிருந்து ஸ்பானிய மொழிக்கு வந்த சொல், குளம் அல்லது தண்ணீர்த் தொட்டி என்று அர்த்தம். அப்புறம், ஸ்பெயினுக்குள் இருக்கும் மலைக்கு ஏன் பிரான்ஸ் பெயர் என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். 11-ஆம் நூற்றாண்டு முடியும் காலத்தில், முஸ்லிம் அரசர்களிடமிருந்து கைப்பற்றிய பகுதிகளில் ஆட்களைக் குடியேற்றும் வேலையை மன்னர் ஆறாம் அல்ஃபோன்சோ தன் மருமகன் பர்கண்டி ரேமண்டிடம் கொடுத்தார், அவரோடு வந்த பிரெஞ்சுக்காரர்களால்தான் இந்தப் பெயர் என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

கே: அந்தப் பன்றி யாருடையது? யாரும் பிடித்துக்கொண்டு போய்விட மாட்டார்களா?

ப: யாருடையதும் இல்லை, ஊருடையது. அதுதான் அதன் அழகே.

ஜூன் 13, பதுவை அந்தோணியார் திருநாள். அன்று ஒரு பன்றிக்குட்டிக்குப் பாதிரியார் மந்திரித்து ஆசி கொடுக்க, கழுத்தில் மணி கட்டித் தெருவில் விட்டுவிடுவார்கள். நேர்ந்துவிட்டது மாதிரி. அன்றிலிருந்து அதற்குச் சோறு போடுவது மொத்த ஊரின் பொறுப்பு. மணிச்சத்தம் வாசலில் கேட்டால் உள்ளே இருப்பவர் காய்கறித் தோலோ, காய்ந்த ரொட்டியோ, கையில் இருப்பதை எடுத்துக்கொண்டு வெளியே வருவார். இரவு எந்த வீட்டுப் பக்கம் அடைகிறதோ அந்த வீட்டுக்காரர் அதற்கு ஒண்ட இடம் கொடுக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். இப்படியே ஏழு மாதம். கோடை போய், செஸ்ட்நட் உதிரும் காலம் போய், பனி விழும் காலத்தில் அது நல்ல கனமான பன்றியாகிவிட்டிருக்கும். ஜனவரி 17 அன்று, அதாவது வனத்து அந்தோணியார் திருநாளில், சீட்டுக் குலுக்கி ஒருவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். சீட்டு விற்ற பணம் இன்று தர்ம காரியத்துக்குப் போகிறது. முன்பு குலுக்கல் எல்லாம் கிடையாது, ஊரிலேயே மிக ஏழையான குடும்பத்துக்கு அப்படியே கொடுத்துவிடுவார்களாம். ஒரு பன்றி என்றால் அந்தக் காலத்தில் ஒரு குடும்பம் குளிர்காலம் முழுக்கச் சாப்பிடும் இறைச்சியும் கொழுப்பும் உப்புக்கண்டமும். கொடுத்தவர் யார் என்று வாங்கியவருக்குத் தெரியாது, ஏனென்றால் எல்லோரும் கொடுத்திருக்கிறார்கள். வாங்கியவருக்கும் கூச்சமில்லை. எவ்வளவு யோசித்துச் செய்த ஏற்பாடு பாருங்கள்!

கவனித்தீர்களா, விடுவது ஒரு அந்தோணியார் நாளில், முடிப்பது இன்னொரு அந்தோணியார் நாளில். பதுவை அந்தோணியார் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர், வனத்து அந்தோணியார் எகிப்தின் பாலைவனத்தில் தவமிருந்தவர், பதுவை அந்தோணியாருக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு மூத்தவர். பன்றிக்குச் சொந்தக்காரர் மூத்தவர்தான், ஓவியங்களில் அவர் காலடியில் ஒரு பன்றி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

அது எப்படி அவரிடம் வந்தது என்பது தனிக் கதை. 1095 வாக்கில் பிரான்சில் அவர் பெயரால் ஒரு துறவற சபை உருவானது. ரை தானியத்தில் பிடிக்கும் ஒரு பூஞ்சையால் கை கால் எரிந்து கருகி விழும் நோய் ஒன்று அப்போது ஐரோப்பாவை ஆட்டிவைத்தது, அதற்கு அந்தோணியார் நெருப்பு என்றே பெயர். அந்த நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதுதான் இந்தச் சபையின் வேலை. மருத்துவமனை நடத்தப் பணம் வேண்டுமே, அதற்குப் பன்றி வளர்த்தார்கள். மணி கட்டிய அந்தோணியார் பன்றிகள் ஊருக்குள் எங்கே வேண்டுமானாலும் திரிந்து மேயலாம், யாரும் தடுக்கக் கூடாது. 1131-ல் பாரிஸில் ஒரு பன்றி குறுக்கே ஓடிக் குதிரை இடறி பிரெஞ்சு இளவரசர் ஃபிலிப் விழுந்து இறந்துபோனார், அதற்குப் பிறகு தெருவில் பன்றி விடக் கூடாது என்று தடை போட்டபோதும் அந்தோணியார் மடத்துப் பன்றிகளுக்கு மட்டும் விலக்கு இருந்தது. ஸ்பெயினிலும் அந்தச் சபைக்கு மடங்கள் இருந்தன. புர்கோஸ் மாகாணத்தில் காஸ்த்ரோஹெரிஸ் பக்கத்தில், சந்தியாகோ யாத்திரைப் பாதையிலேயே, இடிந்த வளைவுகளோடு ஒன்று இன்றும் நிற்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சபையைக் கலைத்துவிட்டார்கள். மருத்துவமனைகள் போய்விட்டன, நோயும் போய்விட்டது, ஆனால் லா அல்பெர்க்காவில் ஒரு பன்றி மட்டும் கழுத்தில் மணியோடு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

கே: அந்தப் பன்றி வழக்கமே, ரகசியமாக யூதர்களாகவும் முஸ்லிம்களாகவும் வாழ்ந்தவர்களைக் கண்டுபிடிக்கக் கிறிஸ்தவர்கள் செய்த சூழ்ச்சி என்று படித்தேன். உண்மையா?

ப: நீங்கள் படித்ததில் ஒரு பாதி வரலாறு இருக்கிறது. 1492-ல் யூதர்களை மதம் மாறு அல்லது நாட்டை விட்டுப் போ என்றார்கள், 1502-ல் இந்த ஊர் அடங்கிய காஸ்தீல் அரசின் முஸ்லிம்களுக்கும் அதே கதி. மாறியவர்களை யாரும் நம்பவில்லை. பன்றி இறைச்சியைத் தொடாதவர் வீட்டின் மேல் சந்தேகம் விழும், புகார் போகும், மதத்துக்கு விரோதமானவர்களைத் தேடித் தண்டிக்கும் விசாரணை மன்றம் கதவைத் தட்டும். மதம் மாறிய யூதர்களைத் திட்ட மக்கள் பயன்படுத்திய சொல் மர்ரானோ, அதாவது பன்றி. இந்த ஊர்ப் பன்றிக்கும் மர்ரானோ என்றுதான் பெயர், ஆனால் இது அந்த வசைச்சொல் அல்ல, விலங்கின் சாதாரணப் பெயர். பயம் மிகுந்த அந்த நாட்களில் வாசலில் வந்து நிற்கும் பன்றியை எல்லோருக்கும் தெரியும்படி தடவிக்கொடுத்து உணவு போட்டவர்களில், உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டே போட்டவர்களும் இருந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வழக்கமே அதற்காகப் பிறந்தது என்பதை ஏற்க முடியவில்லை. மேலே சொன்ன மாதிரி 1492-க்கு நாலு நூற்றாண்டு முன்பே, மதம் மாற்றம் என்ற பேச்சே இல்லாத இடங்களிலும் அந்தோணியார் பன்றிகள் திரிந்திருக்கின்றன. வழிகாட்டிகள் சொல்லும் கதை சுவாரசியமாக இருக்கிறது என்பதற்காக ஊர் மக்களின் தர்மத்தைச் சூழ்ச்சி என்று சொல்லிவிடக் கூடாது.

கே: மாலையில் ஒரு பெண் மணியடித்துக்கொண்டு போவதாக ஒரே வரியில் எழுதியிருந்தீர்கள். விரிவாகச் சொல்லுங்களேன்.

ப: இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன்.

அவர்களுக்கு மொசா தெ ஆனிமாஸ் என்று பெயர். மொசா என்றால் இளம்பெண், ஆனிமாஸ் என்றால் ஆன்மாக்கள். பெயர்தான் இளம்பெண், இந்தக் கடமையை வயதான பெண்களும் செய்கிறார்கள். பொழுது சாயும் நேரம், வருடத்தின் எல்லா நாட்களிலும், ஒரு பெண் கையில் சின்ன மணியோடு கிளம்புவார். கூட ஒன்றிரண்டு பெண்கள் சேர்ந்துகொள்வதும் உண்டு. தெருக்கள் குறுகல், கால் வைக்கும் இடமெல்லாம் கல், மேலே இரண்டு பக்க வீடுகளின் இறவாரமும் ஒன்றையொன்று தொட்டுவிடும் போல நெருங்கி நிற்கும். குறிப்பிட்ட மூலைகளில் நின்று அவர் சத்தமாகச் சொல்வதன் பொருள் கிட்டத்தட்ட இது: உண்மைக் கிறிஸ்தவர்களே, உத்தரிக்கிற ஸ்தலத்தில் (இறந்தவர்கள் மோட்சம் போகும் முன் பாவக் கறை தீரக் காத்திருக்கும் இடம்) இருக்கும் ஆன்மாக்களை நினைத்து, ஒரு கர்த்தர் கற்பித்த ஜெபமும் ஒரு அருள்நிறை மரியே ஜெபமும் கடவுளின் அன்புக்காகச் சொல்லுவோம். அப்புறம் இன்னொரு வேண்டுதல், இது சாவான பாவத்தில், அதாவது மிகக் கனத்த பாவத்தில், இருப்பவர்களுக்காக, அந்த நிலையிலிருந்து ஆண்டவர் அவர்களை மீட்க வேண்டும் என்று. மணி அடிப்பார். ஒவ்வொரு தடவையும் மூன்று அடி. அடுத்த மூலைக்குப் போவார். வீட்டுக்குள் சமைத்துக்கொண்டிருப்பவர் அந்த மணிக்குக் கையை நிறுத்தி ஜெபத்தை முணுமுணுத்துவிட்டு வேலையைத் தொடர்வார்.

ஆலயச் சுவரில் ஒரு மாடம் இருக்கிறது. உள்ளே இரண்டு மண்டையோடுகள். ஊரில் இறந்துபோன, பெயர் தெரியாத எல்லோருக்கும் அவைதான் பிரதிநிதிகள். அந்த மாடத்துக்கு முன்னாலும் நின்று ஜெபம் சொல்லுவார்.

யோசித்துப் பார்த்தால், உங்கள் தாத்தாவுக்காக நீங்கள் ஜெபிப்பது இயல்பு. ஆனால் இந்த மணி அடிப்பது நினைக்க ஆள் இல்லாதவர்களுக்காக. வம்சம் அற்றுப்போனவர்கள், பிழைக்க வெளியூர் போய்த் திரும்பாதவர்கள், எல்லோருக்கும் சேர்த்துத் தினமும் ஒருத்தி நடக்கிறாள். வருவோர் யாரும் இல்லாத பனிக்கால இரவிலும் நடக்கிறாள். சுற்றுலாவுக்காகக் காட்டும் வேடிக்கை இது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். மன்னிக்கவும், பார்க்க ஆளே இல்லாத தெருவில் செய்வதற்கு வேடிக்கை என்று பெயர் இல்லை.

கே: படத்தில் வீடுகள் சாய்ந்து விழுவது போலத் தெரிகின்றனவே, யாரும் புதுப்பிக்க மாட்டார்களா?

ப: சாயவில்லை, அவை கட்டப்பட்டதே அப்படித்தான். கீழே கருங்கல், மேலே போகப் போக மரச்சட்டமும் அதற்குள் அடைத்த மண்ணும் கல்லும், ஒவ்வொரு மாடியும் கீழ்மாடியைவிடக் கொஞ்சம் தெருப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். சட்டத்துக்கு அந்த மலையில் தாராளமாகக் கிடைக்கும் செஸ்ட்நட் மரம். கீழ்த்தளத்தில் மாடும் கழுதையும் கட்டுவார்கள், அந்தச் சூடு மேலே ஏறும். சமையலறை எங்கே என்று நினைக்கிறீர்கள்? கூரைக்குக் கீழே, உச்சியில். புகைபோக்கி கிடையாது. புகை அப்படியே எழும்பி, உத்தரத்தில் தொங்கும் இறைச்சியைப் பதப்படுத்தி, மேலே பரப்பிவைத்த செஸ்ட்நட் கொட்டைகளைக் காயவைத்து, ஓட்டு இடுக்கு வழியாக வெளியேறும். ஒரு அடுப்பு, மூன்று வேலை.

நிலைவாசலுக்கு மேலே உள்ள கல்லைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வீடு கட்டிய வருடம், சிலுவை, இயேசுவின் பெயர்ச்சுருக்கம், மரியே வாழ்க என்ற வாசகம் என ஏதாவது ஒன்று செதுக்கியிருக்கும். 17, 18-ஆம் நூற்றாண்டு வருடங்கள் நிறையவே உண்டு. நீங்கள் கேட்ட புதுப்பிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். 1940-ல் அரசு இந்த ஊர் முழுவதையும் வரலாற்றுக் கலைச் சின்னமாக அறிவித்தது, ஸ்பெயினில் இந்தத் தகுதி பெற்ற முதல் கிராமம் இதுதான். அதற்குப் பிறகு வீட்டுக்காரர் நினைத்தபடி இடித்துக் கட்ட முடியாது. அந்தச் சட்டம் இல்லாவிட்டால் 1960-களில் செங்கல்லும் சிமென்ட்டும் வந்து எல்லாவற்றையும் விழுங்கியிருக்கும், சுற்றியுள்ள பல ஊர்களில் அதுதான் நடந்தது. ஆனால் சட்டம் சுவரைத்தான் காப்பாற்றும். மணியடிக்க ஆளை அனுப்பாது, பன்றிக்கு ரொட்டி போடாது.

கே: பெண்கள் போரில் ஜெயித்த ஊர் என்கிறார்களே?

ப: ஆமாம், 1475. காஸ்தீல் அரியணை இசபெல்லாவுக்கா, அவருடைய அண்ணன் மகள் ஹுவானாவுக்கா என்று சண்டை. ஹுவானா பக்கம் போர்த்துகல் நின்றது. எல்லை தாண்டி வந்த போர்த்துகீசியப் படையை இந்த ஊர்ப் பெண்கள் எதிர்த்து விரட்டி, அவர்களுடைய கொடியையே பறித்துக்கொண்டார்கள் என்பது ஊர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கதை. ஈஸ்டருக்கு அடுத்த திங்கட்கிழமை அந்தக் கொடியை வெளியே எடுத்துச் சதுக்கத்தில் அசைத்துக் கொண்டாடுகிறார்கள். வெற்றியைக் கொண்டாடும் ஊர்கள் ஆயிரம் இருக்கும், பெண்களின் வெற்றி என்று பெயர் சொல்லிக் கொண்டாடுவது எனக்குப் பிடித்திருக்கிறது.

கே: இவ்வளவு புகழ்கிறீர்கள். அந்த ஊரில் குறையே இல்லையா?

ப: இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஊருக்குத் தெற்கே மலையைத் தாண்டினால் லாஸ் ஊர்தெஸ் என்ற பகுதி. மண்ணே இல்லாத பாறைச் சரிவுகள். பல நூற்றாண்டுகள் அந்த நிலம் லா அல்பெர்க்காவின் அதிகாரத்தில் இருந்தது. அங்கே வாழ்ந்தவர்கள் மேய்ச்சலுக்கும் விவசாயத்துக்கும் இந்த ஊரிடம் வாடகையும் வரியும் கட்ட வேண்டியிருந்தது, இந்த ஊர் போட்ட கட்டுப்பாடுகளுக்கு அடங்க வேண்டியிருந்தது. தன் ஊர் ஏழைக்குப் பன்றியைக் கொடுத்த அதே கைகள் மலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஏழையிடம் வசூல் செய்தன. 1833-ல் நாட்டை மாகாணங்களாகப் பிரித்தபோது லாஸ் ஊர்தெஸ் காசெரெஸ் மாகாணத்துக்கும் இந்த ஊர் சலமங்காவுக்கும் போயின. ஆனால் வறுமை போகவில்லை. மலேரியா, கழுத்துக்கழலை, பசி. 1922-ல் மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோ மருத்துவர் மரஞோனோடு குதிரையில் நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் சாலையும் மருத்துவமும் எட்டிப்பார்த்தன. ஸ்பானியத் திரைப்பட இயக்குநர் லூயிஸ் புனுவேல் 1933-ல் அந்தப் பகுதியைப் பற்றி எடுத்த படம் லா அல்பெர்க்காவில்தான் தொடங்கும், புதிதாகக் கல்யாணமான ஆண்கள் குதிரையில் வந்து, கயிற்றில் தொங்கும் சேவல்களின் தலையைப் பறிக்கும் காட்சியோடு. அந்தப் படத்தில் சில காட்சிகளை ஜோடித்து எடுத்தார் என்பதால் லாஸ் ஊர்தெஸ் மக்களுக்கு அதன் மேல் இன்றும் வருத்தம் உண்டு.

கே: இளைஞர்கள் ஊரை விட்டுப் போகாமலா இருக்கிறார்கள்?

ப: போனார்கள், போகிறார்கள். 1960-களில் மத்ரித், பாஸ்க் பகுதி, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து என்று கிளம்பியதில் உள்நாட்டுக் கிராமங்கள் காலியாயின. லா அல்பெர்க்கா சுற்றுலாவால் ஓரளவு தப்பித்தது. பக்கத்து ஊர் மொகர்ராஸ் அவ்வளவு அதிர்ஷ்டம் செய்யவில்லை, இன்று அங்கே சில நூறு பேர்தான். அங்கே 1967-ல் அடையாள அட்டைக்காக ஊரிலிருந்த பெரியவர்கள் எல்லோரையும் ஒரு வெள்ளைத் துணிக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்திருந்தார்கள். 2012-ல் அதே ஊரைச் சேர்ந்த ஓவியர் ஃப்ளோரென்சியோ மாயியோ அந்தப் படங்களைத் தகரத்தில் பெரிதாக வரைந்து, யார் எந்த வீட்டில் இருந்தாரோ அந்த வீட்டு முகப்பிலேயே மாட்டினார். முதலில் 388 முகங்கள். சில மாதத்தில் கழற்றிவிடுவதாகத்தான் பேச்சு, ஊர் விடவில்லை. பூட்டிய கதவுக்கு மேலே அந்த வீட்டுக்காரர் இன்னும் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கே: ஒரே ஒரு தடவை போக முடியும் என்றால் எப்போது போகலாம்?

ப: பெரும்பாலானவர்கள் ஆகஸ்ட் நடுவில்தான் போகச் சொல்வார்கள். 15-ஆம் தேதி மரியன்னையின் விண்ணேற்புத் திருநாள், வெள்ளியும் பவளமும் கனக்கும் பழைய உடைகளில் மாதாவுக்குக் காணிக்கை செலுத்துவார்கள். மறுநாள் லோவா என்ற நாடகம், ஏழு தலைப் பாம்பின் மேல் வாணவெடியோடு சாத்தான் வருவான், அதிதூதர் மிக்கேல் அவனை அடக்குவார், நடுவில் கோமாளி வந்து அந்த வருடம் ஊரில் யார் என்ன செய்தார்கள் என்று பாட்டாகவே போட்டு உடைப்பான். நல்ல கொண்டாட்டம், கூட்டமும் அதிகம்.

என்னைக் கேட்டால் நவம்பர். ஆன்மாக்களின் மாதம். பன்றியும் அப்போது நன்றாக வளர்ந்து தெருவில் இருக்கும். கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள், குளிர் எலும்பைத் தொடும். பொழுது சாய்வதற்கு முன்பே ஆலயத்துப் பக்கம், அந்த மண்டையோட்டு மாடம் தெரியும் இடத்தில் ஓரமாக நின்றுகொள்ளுங்கள். கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள். முதலில் மணிதான் கேட்கும், ஆள் தெரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். அவர் போக வழிவிட்டு நில்லுங்கள்.